மாமர நிழலுக்கு ஹொஸ்ராவா, வேறொன்றா?

ரொறன்ரோவில் வாழும் அக்கா சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டுப் பின்புறத்தில், மேப்பிள் மரத்தின் அடியில், ஒரு சாண் உயரமும் இல்லாத சிறிய செடிகள் வட்டமாக நின்றன. ஒவ்வோர் இலையும் நடுவில் பச்சையும் விளிம்பில் வெள்ளையுமாக, யாரோ சுண்ணாம்புத் தூரிகையால் கரை கட்டிவிட்டதுபோல் இருந்தது. "எங்கட மாமரத்துக்குக் கீழேயும் இதை வைச்சால் என்ன?" என்று அவர் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் வளவு வவுனியா வடக்கில், நெடுங்கேணிக்கு அண்மையில் இருக்கிறது. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது அங்கு எஞ்சி நின்றவை கிணறும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும் மட்டுமே என்பதால், அந்த மரத்தடியில் எதை நடுவது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கருத்துச் சொல்லும் விடயமாக இருந்து வருகிறது. ஓராண்டாகப் படித்தும், கேட்டும், சிலவற்றை நட்டும் பார்த்த பின்னர் நான் எடுத்த முடிவையும், அதற்கு முன்னர் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த செடிகளையும், அதே நிலையில் இருக்கும் வேறு வளவுக்காரருக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

அக்கா அனுப்பிய படத்தில் இருந்தது ஹொஸ்ரா. யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இது, நிழலில் வளர்வதற்கென்றே பிறந்த செடி என்று குளிர்நாட்டுத் தோட்டக்காரர் சொல்வார்கள். யப்பானில் இதன் இளந்தண்டைக் கீரைபோல் சமைத்து உண்ணும் வழக்கமும் உண்டு. பெரிய ஹொஸ்ராக்கள் ஒரு மீற்றருக்கும் மேல் அகன்று வளர்ந்துவிடும். ஆனால் வெள்ளை விளிம்பு கொண்ட 'ஜின்கோ கிரெய்க்', வெள்ளை நடுப்பகுதி கொண்ட 'பண்டோராஸ் பொக்ஸ்', தடித்த வட்ட இலையுடைய 'மைற்றி மவுஸ்' போன்ற சிறிய வகைகள் பூச்சாடியிலோ மரத்தின் வேர்களுக்கு இடையிலுள்ள சிறு பள்ளத்திலோ அடங்கிவிடும். அவற்றின் அழகை மறுக்க எனக்கு மனமில்லை. அழகால் மட்டும் தீர்மானிப்பதென்றால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

ஹொஸ்ராவின் உயிர் அதன் உறக்கத்தில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் இலைகள் மஞ்சளித்து விழ, மண்ணுக்குள் இருக்கும் முளைக்குருத்துகள் குளிரில் உறங்குகின்றன. ஏறத்தாழ 5 பாகை செல்சியஸுக்குக் குறைவான குளிரை அவை தொடர்ச்சியாகப் பல வாரங்கள் அனுபவித்தாலன்றி, அடுத்த பருவத்தில் ஒழுங்காக முளைப்பதில்லை. குளிர் கிடைக்காத ஹொஸ்ரா உடனே இறந்துவிடாது. முதலாண்டில் கொண்டுவந்த சேமிப்பைச் செலவழித்து இலை விடும், அடுத்த முறை இலைகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறையும், பின்னர் முளைக்குருத்தே மெலிந்து அழுகிப்போகும். வன்னியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 அல்லது 28 பாகை. மார்கழி, தை மாத இரவுகளில் போர்வை தேடும் நாட்களிலும் வெப்பமானி பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். எங்களுக்குக் குளிர் என்று தோன்றுவது ஹொஸ்ராவுக்குக் கோடைகால இரவு. அதோடு, பகலில் இலைகள் ஆக்கிய உணவை வெப்பமான இரவில் செடியே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுவதால், வைகாசி, ஆனி மாதங்களில் அது வளர்வதற்குப் பதிலாகத் தேய்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் நுவரெலியாவில் வளருமா என்று பக்கத்து வளவு மாமி கேட்டார். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் தை, மாசி மாத இரவுகளில் சிலவேளை நிலத்தில் உறைபனி படிவதுண்டு என்றாலும், விடிந்து சில மணி நேரத்தில் வெயில் ஏறிவிடுவதால் குளிர் வாரக்கணக்கில் தொடர்வதில்லை. மலைநாட்டுக்கே அந்த நிலை என்றால் வன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்சாதனப்பெட்டியைப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. பனி இல்லாத நாடுகளில் ஹொஸ்ரா மீது தீராத ஆசை கொண்டவர்கள், இலைகளை வெட்டிவிட்டுக் கிழங்கு போன்ற அடிப்பகுதியை ஈரம் சிறிதே உள்ள தும்புத்தூளில் புதைத்து, 4 பாகை அளவில் இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து மீண்டும் நடுகிறார்கள். இது நடக்கக்கூடியதே. ஆனால் மீனும் பாலும் குழந்தைகளின் மருந்தும் இருக்க வேண்டிய பெட்டியில், ஒவ்வோர் ஆண்டும், மின்சாரம் நின்று வரும் நாட்களையும் தாண்டி, ஒரு பூங்கன்றுக்கு இடம் ஒதுக்கும் பொறுமை எங்கள் வீட்டில் இல்லை. மேலும், பயணப்பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரலாம் என்ற அக்காவின் யோசனையை நான் முற்றாக மறுத்துவிட்டேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். மண்ணோடு வரும் நுண்புழுவும் பூஞ்சையும் ஒரு ஊரின் தோட்டங்களையே கெடுக்க வல்லவை என்பதால் அந்த விதியில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

இவ்வாறு ஹொஸ்ராவை ஒதுக்கிய பின்னர், அதைப்போல் தோன்றும் செடி எது என்று தேடத் தொடங்கியதுதான் நான் செய்த தவறு. தோற்றத்தைத் தேடினால் பத்துச் செடிகள் கிடைக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் செடி எப்போது உறங்குகிறது, எப்போது தண்ணீர் கேட்கிறது என்பதே. வன்னியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை கிடைக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் சிறிது மழை வரும். பின்னர் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வீசும். ஆவணியில் கிணற்றின் அடிக்கல் தெரியும். இந்த நாட்காட்டிக்கு ஒத்துப்போகாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எங்கள் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடும்.

மாமரத்து நிழலுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. அது ஈர நிழல் அன்று, உலர் நிழல். மாவின் உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணிலேயே வலைபோல் பரந்திருப்பதால், ஊற்றும் தண்ணீரில் முதற்பங்கை மரம் எடுத்துக்கொள்ளும். இதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகவே விளங்கிக்கொண்டேன். மாரி ஓய்ந்து மண் காயும்போது ஏற்படும் அந்தச் சிறிய தாகமே மாவைப் பூக்கத் தூண்டுகிறது. அந்த வேளையில் மரத்தடியைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் தள்ளும் வாய்ப்பு கூடும். ஆகவே நாள்தோறும் தண்ணீர் கேட்கும் செடியைக் கறுத்தக்கொழும்பானின் கீழ் நடுவது, இலையழகுக்காக மாம்பழத்தை விலையாகக் கொடுப்பதாக முடியலாம். அந்த விலைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் உடன்படமாட்டார்கள்.

வெப்ப நாடுகளில் ஹொஸ்ராவுக்கு மாற்று என்று முதலில் சொல்லப்படுவது கெம்ப்ஃபேரியா இனம். எங்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கச்சோலம் அந்த இனத்தைச் சேர்ந்ததே. கச்சோலத்தின் இலை வெறும் பச்சை. ஆனால் அதன் உறவான அலங்கார வகைகளின் இலைகளில் மயிலிறகில் உள்ளதுபோல் வெள்ளி நிறக் கோலம் படர்ந்திருக்கும், ஒரு நாளே வாழும் ஊதாப் பூக்கள் இலைகளின் நடுவே காலையில் விரியும். இதில் ஒரு பொருத்தம் என்னை வியக்க வைத்தது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியில் மருத்துவராக 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்த எங்கல்பேர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜேர்மானியரே ஹொஸ்ராவை முதன்முதலில் ஐரோப்பியருக்கு எழுதிக் காட்டியவர்; அவருடைய நூல் 1712இல் வெளிவந்தது. ஆனால் பின்னர், 1812இல், அந்தச் செடிக்கு ஒஸ்திரிய மருத்துவரான ஹொஸ்ற் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. கெம்ப்ஃபரின் பெயரோ, சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் கையால், எங்கள் கச்சோலத்தின் இனத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. ஹொஸ்ராவைக் கண்டவரின் பெயரைச் சுமப்பது, ஹொஸ்ரா வளராத ஊர்களில் அதன் இடத்தை நிரப்பும் செடி.

பெயர்ப் பொருத்தம் இருந்தாலும் நாட்காட்டிப் பொருத்தம் இல்லை. கச்சோலத்தைப் பயிரிடும் கேரளத்தில் அது வைகாசி, ஆனி மாதங்களில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையோடு முளைத்து, மார்கழி, தை அளவில் இலை காய்ந்து உறங்குகிறது. எங்களுக்கோ அது உறங்கப்போகும் காலத்தில்தான் மழை உச்சத்தில் இருக்கும். சென்ற சித்திரையில் நட்ட ஐந்து கிழங்குகளும் நான் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரில் நன்றாக வளர்ந்து, கார்த்திகையில் இலை மஞ்சளிக்கத் தொடங்கிய நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. மாரி முடிந்து தோண்டிப் பார்த்தபோது இரண்டே மிஞ்சின. மற்றவை கையில் எடுத்ததும் கூழாகின. கூரைத் தாழ்வாரத்தின் கீழ் சாடியில் வைத்து, உறக்கம் வந்ததும் நனையாத இடத்துக்கு நகர்த்தக்கூடியவர்களுக்கு இது நல்ல தெரிவு. வெறும் நிலத்தில், அதுவும் மழைநீர் தேங்கும் செம்மண்ணில், இதை நடச் சொல்லி நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

கலேடியத்தை விரைவாகவே ஒதுக்கினேன். தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்த இந்த வண்ணச்சேம்பில், ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் வெள்ளைப் புள்ளி தெளித்ததுபோல் நிற்கும் சிறிய வகையும் இருக்கிறது. நிறத்தில் ஹொஸ்ராவையும் அது தோற்கடிக்கும். ஆனால் அதற்கு வெப்பமும் ஈரக்காற்றும் ஒருசேர வேண்டும். சோளகம் வீசத் தொடங்கிய ஒரு கிழமைக்குள் அதன் மெல்லிய இலைகள் ஓரம் கருகிச் சுருண்டுவிடுகின்றன. சேம்புக் குடும்பத்துக்கே உரிய ஊசிப் படிகங்கள் இலையிலும் கிழங்கிலும் இருப்பதால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கவும் கூடாது. கிணற்றடியில், வாழைக்கும் தென்னைக்கும் இடையில், கழுவும் தண்ணீர் நாள்தோறும் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் இடம் இருப்பவர்கள் மட்டும் முயலலாம்.

சிலந்திச் செடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் ஏறத்தாழ அதையே தெரிவுசெய்திருந்தேன். ஆபிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல்போன்ற செடி, தாவரவியல் முறைப்படி ஹொஸ்ராவின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை விளிம்புடையது, வெள்ளை நடுக்கோடு உடையது என்ற இரண்டு வகைகளும் எங்கும் கிடைக்கின்றன. வவுனியாவில் பூங்கன்று விற்கும் எந்த இடத்திலும் இது தொங்கிக்கொண்டிருக்கும். தடித்த வேர்களில் தண்ணீரைச் சேமிப்பதால் சில நாள் மறந்துபோனாலும் பொறுத்துக்கொள்ளும், உறக்கம் என்ற ஒன்றே இல்லை, நீண்ட காம்புகளில் குட்டிச் செடிகளைத் தானே பெற்றுத் தருகிறது, நாய், பூனை கடித்தாலும் நஞ்சாகாது. இவ்வளவு நற்குணங்களுக்கும் எதிராக ஒரே ஒரு குறை நின்றது. அந்தக் குறை செடியினுடையது அன்று, எங்கள் தண்ணீரினுடையது.

வவுனியா உட்பட்ட உலர் வலயத்தின் பல இடங்களில், பழைய கடும்பாறையின் வெடிப்புகளில் தங்கிய நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாக இருக்கிறது. அந்த நீரின் கடினத்தைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையில் எல்லோரும் நாள்தோறும் காண்கிறோம். புளோரைட்டை வெளியேற்றத் தெரியாத செடிகளில் சிலந்திச் செடி முன்னணியில் நிற்கிறது. வேர் உறிஞ்சிய புளோரைட்டு, நீரோட்டத்தோடு இலைநுனிக்குப் போய், நீர் ஆவியான பின்னர் அங்கேயே தங்கிவிட, நுனி தவிட்டு நிறமாகிச் சருகாகிறது. தண்ணீர் போதாமல்தான் நுனி காய்கிறது என்று எண்ணி மேலும் ஊற்றினால் மேலும் நஞ்சேறும். நான் இரண்டு மாதங்கள் அதைத்தான் செய்தேன். பின்னர் ஒரு சாடிக்கு மட்டும் மாரியில் பிடித்துவைத்த கூரைத்தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது, புதிதாக வந்த இலைகள் நுனிவரை பச்சையாகவே நின்றன. ஆகவே மழைநீர்த் தொட்டி உள்ளவர்களும், ஆழம் குறைந்த நல்ல தண்ணீர்க் கிணறு வாய்த்தவர்களும், முல்லைத்தீவுக் கரையோர மணற்பாங்கில் இருப்பவர்களும் மேலே படிக்காமலேயே சிலந்திச் செடியை நடலாம். எங்கள் வீட்டுத் தண்ணீர் குழாய்க்கிணற்றிலிருந்து வருகிறது. மழைநீர் சேமிப்போ சித்திரை தாண்டாது.

அக்லோனிமா, நிழலைத் தாங்கினாலும், வளர வளர உயர்ந்து நாம் தேடிய குட்டையான வட்டத்தைக் கலைத்துவிடும். வெள்ளை விளிம்புள்ள கற்பூரவள்ளி அடர் நிழலில் கொடிபோல் நீண்டு வெளிச்சத்தைத் தேடிப் போய்விடுகிறது. அதைக் குசினி வாசலில், காலை வெயில் படும் இடத்தில் வைத்தால் இருமலுக்கும் உதவும், கண்ணுக்கும் அழகு.

கடைசியாக வந்தது மருள். வன்னிக் காடுகளின் ஓரத்தில், பாலைக்கும் வீரைக்கும் அடியில், எவரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் மருளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் உறவினர் ஒருவரை மரத்தடிக்கு அழைக்கும் எண்ணம் முதலிலேயே வந்திருக்க வேண்டும். நாரெடுத்துக் கயிறு திரித்த அந்த நெடிய மருளை நான் சொல்லவில்லை. அதன் ஆபிரிக்க உறவான சன்சவேரியாவில், 1939இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் தற்செயலாகத் தோன்றிய குட்டை வகை ஒன்று உண்டு. 'ஹானி' என்பது அதன் பெயர். வாள்போல் நிமிராமல், இலைகள் ஒரு கிண்ணத்தின் வடிவில் சுற்றி விரியும் இது, 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்தோடு நின்றுவிடும். அதிலிருந்து வந்த 'கோல்டன் ஹானி'யின் இலைகளில் இரு புறமும் அகலமான இளமஞ்சள் கரை ஓடுகிறது. சற்றுத் தள்ளி நின்று, மாலை வெளிச்சத்தில் பார்த்தால், அக்காவின் படத்திலிருந்த வட்டத்துக்கு இதைவிட நெருக்கமாக வரும் செடியை நான் காணவில்லை.

இதன் நாட்காட்டி எங்களுடையதோடு முழுமையாக ஒத்துப்போகிறது. பகலில் இலைத் துளைகளை மூடி இரவில் திறந்து மூச்சுவிடும் செடி என்பதால், சோளகக் காலத்தில் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். மாவின் பூக்காலத்தில் அதுவும் வேண்டியதில்லை. கிணற்று நீரால் நுனி கருகும் குறை என் செடிகளில் இதுவரை தென்படவில்லை. மா பூக்கும்போது தத்துவெட்டிகள் சிந்தும் தேன்போன்ற கழிவில் கரும்பூஞ்சை படர்ந்து, கீழே உள்ள செடிகள் எல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். ஹானியின் மெழுகிட்ட தடித்த இலையில் அதை ஈரத்துணியால் துடைத்துவிட முடிகிறது. மெல்லிய கலேடிய இலையில் அதைச் செய்ய முயன்றால் துணியோடு இலையும் வரும்.

குறைகளும் உண்டு. மிக மெதுவாகவே வளரும். ஓராண்டில் ஒரு செடி ஒன்றோ இரண்டோ பக்கக்கன்று தந்தால் அதுவே நல்ல வளர்ச்சி. தேங்கிய நீரில் அடி அழுகும். ஆடு இதைத் தின்னக் கூடாது, தின்றால் வயிற்றைக் கலக்கும். பெருக்கும் முறையிலும் கவனம் தேவை. மஞ்சள் கரை என்பது பச்சையம் ஆக்கத் தெரியாத கலங்கள் ஒரு தனி அடுக்காக இலையோரத்தில் அமைந்ததால் வருவது. ஓர் இலையைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும் கன்றில் அந்த அடுக்கு ஒழுங்கு இல்லாமற்போய், வெறும் பச்சைச் செடியே கிடைக்கும். வேரோடு பிரித்த பக்கக்கன்றே கரையைக் காப்பாற்றும். இந்த ஒரு விடயத்தில் ஹொஸ்ராவும் இதே இயல்புடையதுதான். அதனையும் அடியைப் பிரித்தே பெருக்குகிறார்கள். விற்பவர் 'இலை வைத்தாலே வரும்' என்று சொன்னால், வருவது வேறொன்று என்று அறிந்து வாங்க வேண்டும். அடர் இருளில் மஞ்சள் மங்கிவிடுவதால், மரத்தின் அடித்தண்டை ஒட்டி வைக்காமல், கிளைவிரிப்பின் ஓரத்தை நோக்கி, காலையில் புள்ளி வெயில் விழும் வட்டத்தில் வைப்பதே சரி.

உயிரினங்களின் தொல்லையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. கோழி கிளறுவதை மீன்வலைத் துண்டால் தடுக்கலாம். மாரியில் பெருகும் பெருநத்தைகள் சிலந்திச் செடியின் இளங்குருத்தை ஒரே இரவில் மொட்டையடித்தன. ஹானியை அவை ஏறிக் கடந்து போயின. காட்டுப்பன்றி வேலிக்குள் நுழைந்த இரவில் தோண்டப்பட்டது கச்சோலப் பாத்தி மட்டுமே. மயில்களுக்கோ எதைக் கொத்துவது என்பதில் ஒரு நியாயமும் கிடையாது.

ஆகவே மாமரத்தடிக்குக் கோல்டன் ஹானி, கூரைத் தாழ்வாரத்தில் மழைநீர் குடிக்கும் இரண்டு சாடிச் சிலந்திச் செடிகள், மிஞ்சிய இரண்டு கச்சோலக் கிழங்குகள் திண்ணையில் ஒரு சாடியில் என்று முடிவாயிற்று. மாவின் வேரை வெட்டக் கூடாது என்பதற்காக ஹானிகளை நேரே மண்ணில் நடாமல், மண்சாடிகளில் நட்டு, சாடியின் கழுத்து மட்டும் தெரியும்படி வேர்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் இறக்கியிருக்கிறேன். சாடியின் அடித்துளை வழியே மாவேர் புகுந்துவிடாமலும், மாரி நீர் வடிந்து போகவும், ஒவ்வொன்றின் கீழும் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பினேன். கலவையில் பாதி ஆற்று மணலும், மீதியில் தும்புத்தூளும் மக்கிய மாட்டெருவும் சம அளவில் சேர்ந்தன. சருகைப் போர்வையாக இடுவதைக் கறையானுக்குப் பயந்து தவிர்த்துச் சிறு கூழாங்கற்களைப் பரப்பினேன். ஒன்பது செடிகள் வட்டமாக நிற்கின்றன, பத்தாவதுக்கு உரிய இடம் வெறுமையாக இருக்கிறது. முதற்பக்கக்கன்று பிரிந்ததும் அதில் நடலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்த அக்கா, இது தன்னுடையதைவிடத் தடித்த இலை, பனியில் ஒரு நாளும் தாங்காது என்று எழுதியிருந்தார்.